முதல் பெயரும் கடைசிப் பெயரும்

பிப்ரவரி 3

காலையில் பட்டிக்குள் கால் வைத்ததும் கிடா என்னை முட்டித் தள்ளியது. தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருக்கிறது. நானும் சும்மா விடவில்லை. கொம்பைப் பிடித்துத் திருப்பிச் சுவரோடு சாத்தி மூக்கில் ஒரு குத்து விட்டேன். முள்ளு பார்த்துக்கொண்டிருந்தாள். முள்ளு என் ஆய்வு மாணவி. இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிட்டு மறுபடி படிக்க வந்தவள். எதைச் சொன்னாலும் குத்திப் பேசுவதால் துறையே வைத்த பெயர்.

"கால்நடை டாக்டர் இப்படிப் பண்ணலாமா மேடம்?" என்றாள்.

"பண்ணக் கூடாதுதான். முதல்ல அதுக்குச் சொல்லிக் குடு."

மதியம் சுற்றறிக்கை வந்தது. எங்கள் கால்நடை உடற்கூறுத் துறையும் கருவளர்ச்சித் துறையும் ஒன்றாகின்றன. துறை ஒன்று என்றால் தலைமை நாற்காலியும் ஒன்று. தகுதியுள்ளவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று கருவளர்ச்சித் துறையில் இருக்கும் என் அண்ணன்.

ஒரே வீட்டில் அவன் மாடியில், நான் கீழே. சாயங்காலம் படி இறங்கி வந்தான்.

"நீயும் போடப் போறியா?"

"ஏன், போடக் கூடாதா?"

"போடு போடு. தோத்தா அழக் கூடாது."

எங்கள் வீட்டில் வாய் ஓய்ந்தால் கை ஆரம்பிக்கும். அப்பா தட்டை எறிவார், அம்மா அதைத் திருப்பி எறிவாள். நாங்கள் நடுவில் குனிந்தே வளர்ந்தவர்கள். இருபத்து மூன்று வயதில் என் முழங்கையால் அண்ணனின் முன்பல் ஒன்று போனது. அதைக் கட்டிக்கொள்ளப் போன இடத்தில்தான் பல் மருத்துவரான அண்ணியைப் பிடித்தான். அவன் கல்யாணத்துக்கே நான்தான் காரணம். பத்திரிகையில் என் பெயரைப் போட்டானா? போடவில்லை.

பிப்ரவரி 5

விண்ணப்பத்துக்காக என் கட்டுரைகளை வரிசைப்படுத்தினேன். தனியாக எழுதியவை குளம்பு அழுகல், ஈரல் புழு, மடிவீக்கம் பற்றியவை. அவற்றை மேற்கோள் காட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் ஒரு விரல் என்னுடையது.

அண்ணனோடு சேர்ந்து எழுதியவை பதினொன்று. அவற்றில் வளைகால் கட்டுரை ஒன்றே போதும். சினையான ஆடு ஐந்தாவது வாரத்தில் ஒரு களைச்செடியைத் தின்றால் குட்டி கால் வளைந்து பிறக்கிறது. அதற்கு முன்னால் தின்றாலும் பின்னால் தின்றாலும் ஒன்றும் ஆவதில்லை. இதைக் கண்டுபிடித்தவள் நான். பட்டியில் செடியைத் தின்னக் கொடுத்து, வாரத்துக்கொரு ஆட்டை அறுத்து, சூடு ஆறாத கருப்பையைப் பிளந்து, கட்டைவிரல் அளவு கருவை எடுத்து ஜாடியில் போட்டேன். ஆறு வருஷம் என் நகக்கண்ணில் ரத்தம் காயவில்லை. அண்ணன் கருவுக்குச் சாயம் ஏற்றிப் படம் எடுத்தான். நல்ல படங்கள், அதை மறுக்கவில்லை.

மேய்ச்சலுக்கு யோசனை சொல்கிற கால்நடைக்காரர்களும் அந்தக் கட்டுரையைக் காட்டுகிறார்கள். கால் எலும்பு எப்போது உருவாகிறது என்று தேடுகிற கருவளர்ச்சிக்காரர்களும் காட்டுகிறார்கள். மேற்கோள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

பதினொன்றிலும் முதல் பெயர் என்னுடையது. கடைசிப் பெயர் அவனுடையது. எங்கள் துறை வழக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: வேலையைச் செய்தவர் முதலில், ஆட்டின் காலைப் பிடித்தவர் கடைசியில். முதல் தடவை அவன், "உன் பேரையே முன்னால போடறேன்" என்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முட்டாள் அண்ணனுக்குள்ளே ஒரு நல்ல மனுஷன் இருக்கிறான் என்று துறை முழுக்க இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

நாற்காலி எனக்குத்தான். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 6

கிடா இன்று என்னைப் பார்த்ததும் ஒதுங்கிப் போனது. உலகத்தில் சிலதுக்கு இப்படித்தான் புரிகிறது.

பிப்ரவரி 12

பட்டியில் ஒரு ஆட்டுக்குக் குட்டி குறுக்கே விழுந்து உள்ளேயே செத்துவிட்டது. இழுத்தால் தாய் கிழியும். கம்பி ரம்பத்தை உள்ளே விட்டு, குட்டியைத் தோளோடு அறுத்து, துண்டு துண்டாக எடுத்தேன். முழங்கை வரை உள்ளே. தாய் கத்தவில்லை, பல்லை நறநறவென்று கடித்தது. முள்ளு அதன் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தாயைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே அழுதாள். தாய் பிழைத்துவிட்டது. மதியம் எழுந்து தழை தின்றது.

அண்ணன் ஒரே ஒருமுறை இந்தப் பட்டிக்கு வந்தான். வளைகால் வேலையின் முதல் ஆட்டை அறுத்தபோது பின்னங்காலைப் பிடித்தான். பிடித்தவன் கருப்பையைப் பார்த்ததும் என் செருப்பின்மேல் வாந்தி எடுத்தான். கடைசிப் பெயருக்கு அந்த வாந்தியே போதும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 20

எழுத்து கோணலாக விழுகிறது. பரவாயில்லை.

காலையில் தேர்வுக் குழுவின் வழிமுறைத் தாள் வந்தது. ‘சேர்ந்து எழுதிய கட்டுரைகளில் கடைசிப் பெயருக்குரியவரே ஆய்வின் தலைமை எனக் கொள்ளப்படும்.’ மூன்று முறை படித்தேன். கடைசியா? அச்சுப் பிழையா? நகல் இயந்திரத்தின் பக்கத்தில் அண்ணனின் மாணவன் ஒருவன் நின்றான். அவனிடமே கேட்டேன்.

"பிழை இல்ல மேடம், அது எங்க துறை வழக்கம். முதல் பேர் கைவேலை, கடைசிப் பேர் மூளைன்னு சார் முதல் வகுப்புலயே சொல்லிடுவாரே."

முதல் வகுப்பிலேயே.

எப்படி மூன்று மாடி ஏறினேன் என்று தெரியாது. அவன் நாற்காலியில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சேதான் போட்டியா?"

"என்னத்தப் போட்டேன்?"

"பதினோரு தடவை. என் பேர முன்னால தள்ளிட்டு நீ பின்னால போய் உக்காந்தியே, தெரிஞ்சேதானா?"

கோப்பையை மெதுவாக வைத்தான். சிரிக்கவும் செய்தான், பாவி. "நீ கேக்கவே இல்லையே."

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு எல்லாம் அறுந்தது. கோப்பையை எடுத்து அவன் மேலேயே விட்டெறிந்தேன். நெஞ்சில் பட்டு உடைந்தது. எழுந்து வந்து என் மணிக்கட்டை முறுக்கினான். நான் அவன் காலை மிதித்தேன். தலைமுடியைப் பிடித்தான், கடித்தேன். ஐம்பதை நெருங்கிய இரண்டு பேராசிரியர்கள்! வாசலில் அவன் மாணவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கதவை அறைந்தேன். என்னைத் தடுக்கப் பின்னால் வந்தவன் கதவு நிலையைப் பிடித்திருந்ததை நான் பார்க்கவில்லை.

பார்த்திருந்தாலும் அறைந்திருப்பேன். பொய் சொல்ல நாட்குறிப்பு எதற்கு?

இரண்டு விரல்கள். அந்தச் சத்தம், பச்சைக் கிளை முறிகிற சத்தம். எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்தான். ஆட்டில் கேட்டிருந்தால் அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன்.

பிப்ரவரி 21

அண்ணி படி இறங்கி வந்து வாசலிலேயே நின்றாள்.

"கட்டு போட்டாச்சு. ரெண்டு மாசம் பேனா பிடிக்க முடியாதாம்."

"அவன் செஞ்சது தெரியுமா அண்ணி?"

"தெரியும். அவர் செஞ்சது திருட்டு. நீ செஞ்சது எலும்பு முறிவு. ரெண்டுக்கும் நடுவுல நான் சோறு ஆக்கணும்." போகும்போது திரும்பி, "ரெண்டு பேரையும் ஒரே கொட்டகையில கட்டிப் போட்டிருக்கணும்" என்றாள்.

பிப்ரவரி 23

என் ஜாடிகள் போயின.

ஜாடி அறையில் நான் அலமாரிக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். கட்டுப் போட்ட கையோடு உள்ளே வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்தேனே! "உன் ஆறு வருஷம்தான இது?" என்று கேட்டு, நல்ல கையை அலமாரிக்குப் பின்னால் விட்டு ஒரே இழுப்பாக இழுத்தான். அலமாரி முழுசாகக் கவிழ்ந்தது. கண்ணாடியும் ஃபார்மலினும் தரையெங்கும். மூச்சு விட்டால் தொண்டைக்குள் தீ. கண் திறக்க முடியவில்லை. அவன் நடுவில் நின்று இருமிக்கொண்டே இருந்தான், நகரத் தெரியவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து நான்தான் வெளியே இழுத்து வந்தேன். வெளியே வந்ததும் கன்னத்தில் விட்டேன் ஒன்று. திருப்பி அடிக்கவில்லை.

காற்று தெளிந்ததும் முள்ளு முகமூடி போட்டு வந்து கூட்டினாள். கண்ணாடித் தூளுக்குள் அந்தச் சின்னக் கால்கள். குளம்புகூட வராத கால்கள். எதையும் மீட்க முடியவில்லை. எல்லாவற்றையும் அள்ளிப் போடும்போது நான் அழுதேன். அவன் விரலுக்கு வராத அழுகை இதற்கு வந்தது. நான் எப்படிப்பட்டவள்?

மார்ச் 1

இயக்குநர் இருவரையும் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் அவரிடம் பயம்.

"கோப்பை, கதவு, அலமாரி. அடுத்தது கூரையா?" என்றார். "வீட்டுச் சண்டைய வீட்டுலயே முடிச்சுக்குங்க. இன்னொரு தடவை சத்தம் கேட்டா ரெண்டு பேருமே விண்ணப்பத்த மறந்துடலாம்."

வெளியே வந்ததும் அண்ணன் மெதுவாகச் சொன்னான்: "குழுவுல எல்லாரும் கடைசிப் பேரத்தான் பாக்கறாங்க. சும்மா கெடந்து குதிக்காத."

இயக்குநரின் கதவு திறந்திருந்தது. கையைப் பையில் போட்டுக்கொண்டேன். பைக்குள் கை முஷ்டியாகவே இருந்தது.

மார்ச் 9

வளைகால் கட்டுரை தவறு என்று வெளியாகியிருக்கிறது!

வேறு நாட்டுக் குழு. மனிதக் கருவை ஆராய்கிறவர்கள், முதல் தடவையாக ஆட்டில் இறங்கியிருக்கிறார்கள். அதே களைச்செடி, அதே ஐந்தாவது வாரம். அவர்கள் குட்டி எதற்கும் கால் வளையவில்லை. ஆகவே எங்கள் கருக்களின் வயதுக் கணக்கே சந்தேகத்துக்குரியது, மூலக் கருக்களைக் காட்டுங்கள் என்கிறார்கள். எந்த மூலக் கருக்களை? கூட்டி அள்ளியதையா?

மத்தியானம் வரை தலை சுற்றியது. பிறகு கோபம் அடங்கி, அவர்கள் செய்முறையை வரி வரியாகப் படித்தேன். படித்தவள் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பட்டியில் ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

நாங்கள் ஆட்டுக்கு வாரம் எண்ணுவது கிடா சேர்ந்த நாளிலிருந்து. மனுஷிக்கு எண்ணுவது அதற்கும் இரண்டு வாரம் முன்னாலிருந்து, கடைசியாகத் தூரமான நாளைக் கொண்டு. அந்தப் பழக்கத்திலேயே இந்தப் புண்ணியவான்கள் ஆட்டுக்கும் இரண்டு வாரம் கூட்டி எண்ணியிருக்கிறார்கள். அவர்களுடைய ஐந்தாவது வாரம் எங்களுடைய மூன்றாவது வாரம். மூன்றாவது வாரத்தில் தின்றால் ஒன்றும் ஆகாது என்று நாங்களே எழுதியிருக்கிறோம்.

ஒரு கடிதத்தில் முடிகிற விஷயம். அண்ணனிடம் போய்ச் சொல்லலாம்.

சொல்ல மாட்டேன். அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கிறேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எங்கள் வீட்டில் யாரும் இதுவரை எடுக்காத ஆயுதம்.

மார்ச் 11

மாடியில் விடிய விடிய நடக்கிற சத்தம்.

மார்ச் 12

இறங்கி வந்தான். சவரம் செய்யவில்லை, கட்டு அழுக்காகியிருந்தது.

"ஒரு ஜாடிகூட மிஞ்சலையா?"

"நீதான உடைச்ச."

"வயசக் கணக்குப் பண்ணது நீ. ஏதாவது தப்பு வந்திருக்குமா?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

"என்னடி, வாயில என்ன கொழுக்கட்டையா? ஆயிரம் பேரு காட்டின பேப்பர்! நாளைக்கு ஆயிரம் பேரும் என்னக் காறித் துப்புவான்."

"உன்ன எதுக்குத் துப்பணும்? முதல் பேரு நான்தான?"

கேட்டதும் அவன் முகத்தில் ஒன்று ஓடியது. பார்த்தேன். கூண்டின் கதவு திறந்திருப்பதைப் பார்க்கிற எலிக்கு அப்படித்தான் மீசை ஆடும். சொல்லப்போனால் திறந்து வைத்ததே நான்தான்.

மார்ச் 16

இயக்குநர் கூப்பிட்டார். மேசைமேல் அண்ணன் கொடுத்த கடிதம். வலது கை முடியாமல் இடது கையால் கையெழுத்து.

"படிச்சுப் பாருங்க. பதினோரு கட்டுரையும் உங்க யோசனை, உங்க வேலை, உங்க பொறுப்புங்கறார். கால்நடைத் துறை வழக்கப்படி அவர் பேரு மரியாதைக்காகக் கடைசியில இருக்காம். அவர் வெறும் ஆட்டுக் காலைப் பிடிச்சவர்தானாம்." கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ஒத்துக்கறீங்களா? ஒத்துக்கிட்டா இந்தத் தகராறும் உங்க தலையிலதான் விழும்."

"ஒத்துக்கறேன் சார்."

"யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சாச்சு சார். அவன் காலைத்தான் பிடிச்சான். வாந்தியும் எடுத்தான்."

கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாக விழவே இல்லை.

மார்ச் 17

அந்த வெளிநாட்டுக் குழுவுக்கு எழுதினேன். ஒரே கேள்வி: ஆட்டின் வாரத்தை எந்த நாளிலிருந்து எண்ணினீர்கள்?

மார்ச் 25

பதில் வந்துவிட்டது. தலைமை ஆய்வாளரே எழுதியிருக்கிறார். தவறு அவர்களுடையது, திரும்பப் பெறுகிறார்கள், மிகவும் வருந்துகிறார்கள். கூடவே ஒரு வரி: கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆட்டில் இனிச் செய்யும் வேலைக்கு ஆலோசனை சொல்ல முடியுமா?

கடிதத்தை முள்ளுவிடம் காட்டினேன். படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல மேடம்?" என்றாள். பதிலுக்குக் கிடாவுக்குத் தீனி வைக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 2

நாற்காலி எனக்கு. நேர்காணல் வெறும் சம்பிரதாயம்.

ஏப்ரல் 3

வாய் வீங்கிப் பேச முடியவில்லை, எழுத முடிகிறது.

நேற்றுச் சாயங்காலம் வந்தான். வெளிநாட்டுக் கடிதத்தின் தேதியும் நான் அவர்களுக்கு எழுதிய தேதியும் அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

"எப்ப கண்டுபிடிச்ச?"

"படிச்ச அன்னிக்கே."

"நான் கையெழுத்துப் போடறதுக்கு முந்தியே?"

"ஆமா."

"சொல்லலையே! கூடப் பொறந்தவனாச்சே, நடையா நடந்தேனே, ஒரு வார்த்தை சொல்லலையே!"

என் கணக்கில் தப்பா என்றுதான் கேட்டான், அவர்கள் கணக்கில் தப்பா என்று ஒருநாளும் கேட்கவில்லை. இதற்காக எத்தனை நாள் காத்திருந்தேன்! வார்த்தைகள் வாயிலேயே பக்குவமாக இருந்தன.

"நீ கேக்கவே இல்லையே."

அடி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இடது கை அவனுக்கு நன்றாகப் பழகிவிட்டிருக்கிறது. சமையல் மேடையில் முகம் மோதி நான் கீழே விழுந்தேன். வாயில் உப்பும் சில்லும். நாக்கால் தடவினால் முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. கையில் கிடைத்த இட்லிப் பானை மூடியால் அவன் முட்டியில் ஓங்கி அடித்தேன், அவனும் விழுந்தான். இரண்டு பேரும் தரையில் எதிரெதிரே கிடந்து மூச்சு வாங்கினோம். திடீரென்று அவன் சிரிக்க ஆரம்பித்தான். எனக்கும் வந்தது, ரத்தத்தோடு. பிறகு அவன் அழுதான். நான் அழவில்லை என்று எழுத ஆசை. அழுதேன்.

அண்ணி இறங்கி வந்து பார்த்தாள். என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். ஊசி போட்டபிறகு சொன்னாள்: "அன்னிக்கு அவருக்கு, இன்னிக்கு உனக்கு. கணக்கு நேராயிடுச்சு. இனிமே இந்த வீட்டுல யாருக்கும் நான் பல் கட்ட மாட்டேன்."

ஏப்ரல் 10

படிக்கட்டுக் கதவை அண்ணி பூட்டிவிட்டாள். அவர்களுக்கு வெளிப்பக்கமாகப் புதுப் படி கட்டுகிறார்கள். நாளெல்லாம் சுத்தியல் சத்தம்.

மே 6

புதுத் துறையின் முதல் கூட்டம். அண்ணன் பின்வரிசையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தான். கட்டுரைகளில் பெயர் வரிசைக்கு இனி எந்த வழக்கம் என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றேன்.

ஜூன் 18

அடுத்த கூட்டத்தில் நேரமில்லை.

இயக்குநர் தனியாகச் சொன்னார்: துறைத்தலைவர் பெயர் கடைசியில் வந்தால்தான் கட்டுரை நிறுவனத்தின் தரவரிசைக் கணக்கில் சேரும். என் எண்ணிக்கை ஏறினால் துறைக்கு நல்லதாம். யோசிக்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 22

வளைகால் வேலை மறுபடி முழுசாக முடிந்தது. எந்தச் செடி, எந்த வாரம் என்று முன்பே தெரிந்ததால் ஆறு வருஷம் ஆறு மாதமானது. இந்த முறை எல்லாம் முள்ளு. செடி தேடி அலைந்தது, ஆட்டை அறுத்தது, கருப்பையைப் பிளந்தது. ஆகஸ்டில் ஒரு ஆடு உதைத்து அவளுக்கு விலா எலும்பு விரிசல். கட்டோடு மறுநாள் வந்து நின்றாள். அலமாரி மறுபடி நிறைந்திருக்கிறது. கருவின் எந்தப் பக்கத்துத் தசை முதலில் இறுகுகிறது என்று நாங்கள் அன்று தவறவிட்டதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். எனக்குக் கூட்டம், கையெழுத்து, விருந்தினர். ஒருநாள் பட்டிக்குப் போனபோது அவளுக்காக ஒரு ஆட்டின் காலைப் பிடித்தேன்.

செப்டம்பர் 25

கட்டுரையை அனுப்புவதற்கு முன் முள்ளு அச்செடுத்துக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் பெயர்களை நான்தான் சேர்த்திருந்தேன். அவள் பெயர் முதலில். என் பெயர் கடைசியில். கை தானாகப் போட்டது. தானாகவா?

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்க அண்ணன் கிட்ட நீங்க கேக்கல மேடம். நான் கேக்கறேன். ஏன் இப்படி?"

"முதல் பேருதான உனக்குக் குடுத்திருக்கேன்."

"முதல் பேருன்னா இந்தக் கட்டடத்துல இப்ப என்னன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

"இது நிறுவனத்தோட வழக்கம். நான் உண்டாக்கினது இல்ல."

என் காதிலேயே அது அண்ணன் குரலாக விழுந்தது. அவள் விலாவில் கை வைத்திருந்தாள், இன்னும் வலிக்கிறது போல. அச்செடுத்த தாள்களை என் மேசைமேல் அடித்து வைத்துவிட்டு வெளியே போய்க் கதவை அறைந்தாள். கதவுக் கண்ணாடி மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது.

நல்லவேளை, நான் நிலையைப் பிடித்திருக்கவில்லை.

செப்டம்பர் 26

கதவுக் கண்ணாடி மாற்ற ஆள் சொல்லியாயிற்று. பெயர் வரிசையை இன்னும் மாற்றவில்லை.